தீர்ப்பின் கடைசி வரி

நியூ ஜெர்சியின் எடிசனில் சனிக்கிழமை காலை சாலையோரம் நடப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று, பிள்ளைகளைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ. இன்னொன்று, ஜெப ஆலயத்துக்குப் போகும் யூதர்கள்; ஓய்வுநாளில் காரைத் தொடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மற்ற எல்லாரும் காரில் போகிறார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டும் நேரத்தில், காரில் போன எங்கள் மாப்பிள்ளை செந்தில், நடந்து போன ஒரு யூதப் பெரியவரை இடித்துவிட்டார். நான் வந்தது அதற்காக.

செந்தில் என் தங்கை மகள் வித்யாவின் கணவர். மகள் நிலாவை நாட்டிய வகுப்பிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறார். பக்கத்து ஊரான ஹைலேண்ட் பார்க்கில் இடதுபுறம் திரும்பும்போது, சாலையைக் கடக்கும் வரிக்கோட்டின் மேல் பெரியவர். கறுப்பு கோட்டு, கறுப்புத் தொப்பி. இடுப்பெலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. ஆம்புலன்ஸ் வரும்வரை செந்தில் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். பார்த்தால் மன்னிப்பு கேட்கத் தோன்றும். கேட்டால் அது ஒப்புதல். ஒப்புதல் என்றால் சாட்சியம்.

வரும் வியாழக்கிழமை கோர்ட். கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். பொறுப்பில்லாமல் ஓட்டினார் என்று அரசு வக்கீல் நினைத்தால் கிரிமினல் வழக்கு. பத்து வருடமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டு அந்த ஒரு சொல்லில் நின்றது.

"அண்ணே, நீ கோர்ட்டுலயே கெடந்தவன். ஒரு வாரம் புள்ளைங்க பக்கத்துல இருந்துட்டு வா" என்றாள் தங்கை. இருபத்திரண்டு வருடம் மாவட்ட நீதிமன்றச் செய்தியாளனாக இருந்தேன். வக்கீலுக்கும் செய்தியாளனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளிடம் விளக்கியதில்லை.

வந்த இரண்டாவது நாளே பொறாமை தொடங்கிவிட்டது. ஆறு வாரத்தில் வழக்கு விசாரணைக்கு வருகிறது. எங்கள் ஊரில் ஆறு வாரத்தில் எஃப்.ஐ.ஆர். நகல் கையில் கிடைத்தால், அந்த ஸ்டேஷன் ரைட்டரை வீடு தேடிப் போய்ப் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை நியூயார்க்கைப் பார்க்கப் போனேன். பார்த்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கழுத்து வலித்தது. திரும்பும்போது ஏறிய ரயில் எடிசனில் நிற்காத வண்டி. அறிவிப்பு செய்தவர் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசினார். எடிசன் என் கண்முன்னே ஓடி மறைந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி வித்யாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, நான் ஆபீஸ் கால்ல இருக்கேன். ஊபர் போட்டுக்கங்க, ப்ளீஸ்."

ஊபர் போடுவதற்குள் போன் அணைந்தது. நடந்தேன். ஊரைத் தாண்டி ஒரு பாலம். கீழே ஆறு, கரை தொட்ட தண்ணீர். அதற்கும் பொறாமைப்பட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹைலேண்ட் பார்க் என்று பலகை. எந்தச் சம்பவமானாலும் இடத்தை ஒரு முறை பார்த்துவிடுவது பழைய தொழில் பழக்கம். வித்யா காரில் போகும்போது காட்டியிருந்த அந்த வரிக்கோட்டைத் தேடிப் பிடித்தேன். ஒன்றும் இல்லை, வெள்ளைக் கோடுகள். மழை பிடித்துக்கொண்டது. மூலையில் இருந்த பேக்கரிக்குள் நுழைந்தேன்.

யூதர்களின் உணவு விதிப்படி நடக்கும் பேக்கரி. பாலும் வெண்ணெயும் சேராத தேன் கேக் கொடுத்தார்கள். கருப்பட்டிப் பணியாரத்தின் தூரத்து உறவு. கல்லாவில் இருந்த அம்மாளிடம் ரொட்டி வாங்க வந்த இன்னொரு அம்மாள் பேசிக்கொண்டிருந்தார்.

"ரூத், இந்த வருஷம் உன்னை எதிலாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு."

"என் கேக் காய்ந்துபோயிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாய்."

"காய்ந்துதான் இருந்தது. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குத்தான் கேட்கிறேன்."

"சரி, மன்னித்தேன். வெட்டித் தரவா, முழுசாகவா?"

நான் கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டேன். கல்லா அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீர்கள். போன வாரக் கடைசியில் எங்கள் புத்தாண்டு. வரும் ஞாயிறு இரவு நோன்பு. அதற்குள் எல்லாரும் எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட வேண்டும். சோம்பேறிகள் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள்."

"அது செல்லாது" என்று மூலை மேசையிலிருந்து ஒரு குரல். வெள்ளைத் தாடிப் பெரியவர். பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். வலது மணிக்கட்டில் கட்டு.

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம், வக்கீல் அதைத்தான் விரும்பியிருப்பார். நான் அவர் எதிரில் போய் நின்று, கார் ஓட்டியவரின் மனைவிக்கு நான் தாய்மாமன் என்று சொன்னேன்.

அவர் கையை உயர்த்தினார். "முதலில் ஒன்று. விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் சொல்லாதீர்கள். வியாழக்கிழமை யாராவது கேட்டால் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, உட்காருங்கள்."

அவர் பெயர் ஆரன். முப்பத்தொரு வருடம், வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசு வைத்துக்கொடுக்கும் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் கோர்ட்டில் பிழைத்தவன் என்றதும் முகம் மாறியது. இரண்டு கிழவர்களும் பத்து நிமிடத்தில் தொழில் பேச ஆரம்பித்துவிட்டோம்.

"உங்கள் மருமகன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்" என்றார். "முப்பத்தொரு வருஷம் நானே சொன்னதுதான். வாயைத் திறக்காதே, பூ அனுப்பாதே, கடிதம் எழுதாதே. கேட்காதவர்களெல்லாம் உள்ளே போனார்கள்."

"உங்கள் மதத்தின் பழைய சட்டத்தில்?"

"அதில் ஒருவனை அவன் வாயை வைத்துத் தண்டிக்க முடியாது. இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்திருக்க வேண்டும். நானே செய்தேன் என்று அவன் கோர்ட்டில் நின்று கத்தினாலும் அந்த ஒப்புதல் தண்டனைக்கு உதவாது. இழப்பீட்டுக்கு மட்டும்தான் செல்லும்."

நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் எங்கள் கோர்ட்டிலும் செல்லாது. அதனால் கொலை செய்தவன் ஏனோ நேராகக் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்குப் போய், அவரிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். போலீஸ் கோப்பில் வழக்குக்கு வழக்கு அப்படித்தான். ஆரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்புக்கொண்டது தண்டிக்க உதவாது என்றால், மனிதன் பயமில்லாமல் ஒப்புக்கொள்ளலாம். இடித்தவன் இடிபட்டவனின் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவு சின்ன மறையாணி ஒன்றைக் கழற்றியதில் ஒரு கதவே திறந்துகொள்கிறது.

அவர் மேலும் சொன்னார். ஒருவனைக் காயப்படுத்தினால் ஐந்து வகையில் ஈடு கட்ட வேண்டும்: உடம்புக்கு வந்த நஷ்டம், வலி, வைத்தியம், வேலை இழப்பு, அவமானம். ஐந்தையும் கொடுத்த பிறகும் போய்க் கேட்க வேண்டும். மன்னிக்காவிட்டால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும். மூன்று தடவைக்கு மேல் மறுத்தால், மறுத்தவன்தான் பாவி.

"ரொம்ப ஆசைப்படாதீர்கள்" என்றார், என் முகத்தைப் பார்த்து. "மரண தண்டனை கொடுத்த அந்தக் கோர்ட் உட்கார்ந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது. உட்காராத கோர்ட் கருணையாக இருப்பது சுலபம். என்னுடைய கோர்ட்டில் காலையில் மட்டும் நாற்பது பேர் வருவார்கள்."

நான் அவமானம் என்ற ஐந்தாவது தலைப்பிலேயே நின்றுவிட்டேன். நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். இருபத்தைந்து வருடம் முன்பு, ரேஷன் அரிசிக் கடத்தல் வழக்கு ஒன்றில் மூன்று எதிரிகள்: கூட்டுறவுப் பண்டகசாலை மேலாளர், லாரி உரிமையாளர், ஒரு எழுத்தர். தீர்ப்பு நாளில் நீதிபதி மேலாளருக்குத் தண்டனை என்று வாசித்ததும் நான் எழுந்து ஓடினேன். மாலைப் பதிப்புக்குச் செய்தி சொல்ல வேண்டும். கோர்ட் வாசலில் இருந்தது ஒரே டெலிபோன் பூத். முதல் எதிரிக்கு விழுந்தால் மற்றவர்களுக்கும் விழும் என்பது எங்கள் கணக்கு. பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும். மூவருக்கும் சிறை என்று முதல் பக்கத்தில் வந்தது. மூன்றாம் எதிரியை விடுதலை செய்கிறேன் என்பது தீர்ப்பின் கடைசி வரி. அது வாசிக்கப்பட்டபோது நான் பூத்தில் இருந்தேன்.

நான்கு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில் திருத்தம் போட்டோம். அந்த எழுத்தர் வீடு எனக்கு நான்கு தெரு தள்ளி. பத்திரிகையின் வக்கீல், "போகாதீங்க சார். போனா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மானநஷ்ட நோட்டீஸ் வந்திருக்கு" என்றார். நான் போகவில்லை. வழக்கு கடைசிவரை வரவில்லை, அப்போதும் போகவில்லை. கோர்ட் எதிரே டீக்கடையில் என்னைப் பார்த்தால் அவர் பாதிக் குடித்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவார். இரண்டு வருடத்துக்கு முன்பு அதே கடைச் சுவரில் அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன்.

இதை ஆரனிடம் அன்று சொல்லவில்லை. மழை விட்டது. அவருடைய மகள் வந்து என்னை எடிசனில் கொண்டுவந்து விட்டார். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், யாரும் பார்க்காத இடத்தில். அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பினாராம்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். வித்யா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்கள யாரு அங்க போகச் சொன்னா? நோ கான்டாக்ட்னு லாயர் எத்தன தடவ சொன்னாரு? ஹியரிங்ல இது வந்துச்சுன்னா என்ன பண்றது?"

செந்தில் மட்டும், "எப்படி இருக்காரு மாமா? நடக்குறாரா?" என்று கேட்டார்.

"நாலு கால் ஊன்றுகோல் வச்சு நடக்குறாரு மாப்பிள்ளை. நல்லாச் சிரிக்கிறாரு."

ஒன்பது வயது நிலா சட்னியைத் தட்டில் கோடு இழுத்துக்கொண்டே, "டிட் அப்பா சே சாரி யெட்?" என்றாள்.

"சொல்லக் கூடாது கண்ணு. கோர்ட் முடியணும்" என்றேன்.

"தட்ஸ் வியர்ட், தாத்தா. இன் ஸ்கூல் யூ ஹாவ் டு சே இட் த சேம் டே."

செந்தில் தட்டை விட்டு எழுந்தார். தோசை ஆறிப்போனது.

மறுநாள் வக்கீல் போனில் வந்தார். எடிசனிலேயே பிறந்து வளர்ந்த குஜராத்தி இளைஞர், மரியாதை தெரிந்தவர். "அங்கிள், நேற்று வரை நீங்கள் இந்த வீட்டு விருந்தாளி. இன்றைக்கு நீங்கள் ஒரு சாட்சி. நாளைக்குக் கோர்ட்டில் பின் வரிசையில் உட்காருங்கள், யாரையும் பார்த்துச் சிரிக்காதீர்கள்" என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை. கோர்ட் ஹால் எங்கள் ஊர் வங்கிக் கிளை போல இருந்தது, கம்பளம், ஏ.சி., ஒரு கொடி. டவாலி கட்டிய சேவகர் இல்லை, மூன்று முறை பெயர் கூப்பிடுதல் இல்லை. வழக்கின் பெயரை வாசித்தார்கள்: நியூ ஜெர்சி மாநிலம் எதிர் செந்தில். எங்கள் ஊரிலும் அரசுதான் வழக்கு நடத்தும். ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அன்றுதான் உறைத்தது. உடைந்தது ஆரனின் இடுப்பு. ஆனால் அவருடைய இடுப்பு வழக்கில் அவர் வாதி இல்லை. மூன்றாவது வரிசையில் ஊன்றியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் அவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் சம்மதமாக இரண்டு முறை தலையை ஆட்டினார். கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ள அரசுத் தரப்புக்கு ஆட்சேபனை இல்லை என்றார்கள். வித்யா என் கையைப் பிடித்தாள்.

எங்கள் வக்கீல் எழுந்து இன்னொன்றும் கேட்டார். செந்தில் இங்கே குற்றத்தை ஒப்புக்கொள்வதை, நாளை இழப்பீட்டு வழக்கு வந்தால் அங்கே அவருக்கு எதிராகக் காட்டக் கூடாது. நீதிபதி அனுமதித்தார். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் ஒப்புக்கொண்டதாக யாரும் சொல்லக் கூடாது. நவீன சட்டமும் ஒரு மறையைக் கழற்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு திறப்பது இன்னொரு கோர்ட் ஹாலுக்குத்தான்.

எல்லாம் பதினொரு நிமிடம். வெளியே தாழ்வாரத்தில் வக்கீல், "இன்சூரன்ஸ் விவகாரம் பாக்கி இருக்கிறது. நேராகக் காருக்குப் போங்கள்" என்றார். வித்யா நடந்தாள். நான் நடந்தேன். செந்தில் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

ஆரன் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மகளோடு நின்றிருந்தார். செந்தில் அவர் முன்னால் போய் நின்றார். எங்கள் பக்கம் ஆட்கள் செய்வதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், அன்றைக்கு நான்..."

"நிறுத்து" என்றார் ஆரன். "விவரம் வேண்டாம். விவரத்தை உன் வக்கீல் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். கேட்க வந்ததை மட்டும் கேள்."

செந்தில், "என்னை மன்னிச்சிடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

"மன்னித்தேன். மன்னித்தேன். மன்னித்தேன்" என்றார் ஆரன். மூன்று முறை சொல்வது அவர்கள் வழக்கம். எங்கள் வக்கீல் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். வித்யா அழுதாள், வக்கீல் தன் கைக்குட்டையை நீட்டினார்.

நான் செந்திலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் முடித்துவிட்டார். மதியம் ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டு, இன்னொன்று சொல்லி, அதையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் காரில் வாயைத் திறந்தபடி தூங்கினார், வித்யாதான் ஓட்டினாள். தங்கை வீட்டு மாப்பிள்ளை, நல்ல பையன். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எரிச்சலுக்குக் கீழே எங்கேயோ.

வெள்ளிக்கிழமை மதியம் ஆரனிடம் விடைபெறப் போனேன். வித்யா மைசூர்பாகு கட்டிக் கொடுத்தாள். எங்கள் அடுப்பில் செய்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை என்று பாதி வழியில் ஞாபகம் வந்து, வெட்டாத மாதுளம்பழம் ஆறு வாங்கிக்கொண்டேன். அவர் வீட்டில் ஓய்வுநாளுக்கான சமையல் வாசனை. சூரியன் மறைவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் மகள் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"மன்னிப்பு கேட்க வேண்டியவர் செத்துப்போயிருந்தால்?"

யார், எப்போது என்று அவர் கேட்கவில்லை. "பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போக வேண்டும். இவனுக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்."

"நாங்கள் எரித்துவிடுவோம். சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுவோம்."

"ஆற்றங்கரைக்குப் போகலாமே."

"மணல்தான் இருக்கிறது. அதிலும் பாதியை அள்ளிவிட்டார்கள்."

அவர் தாடியைத் தடவினார். பிறகு, "என்ன செய்தீர்கள்?" என்றார். சொன்னேன். பூத், மாலைப் பதிப்பு, டீ கிளாஸ். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நல்ல வக்கீல். முடித்ததும் ஒரு மாதுளம்பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார்.

"நான் பொய் சொல்லக் கூடாது" என்றார். "மூன்று தடவை கேட்டால் மன்னித்தே ஆக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒருவன் பெயரைக் கெடுத்திருந்தால், பெயரை இழந்தவன் மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவன் உயிரோடு இருந்து, நீங்கள் முப்பது தடவை போயிருந்தாலும், முடியாது என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு."

"ஏன்?"

"பழியைக் கேட்டவர்கள் எல்லாரும் சமாதானத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப்பிடிக்க முடியாது."

"திருத்தம் போட்டோம்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனையாவது பக்கம்?"

"ஆறாவது."

"முதல் செய்தி?"

நான் வெறும் பையை மடித்தேன். மகள் வந்து நேரமாகிறது என்றார். ஆரன் ஊன்றியைப் பிடித்து எழுந்து வாசல்வரை வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு வாரமாக எந்தச் சட்டத்தைப் பார்த்து ஏங்கினேனோ, அதை எழுதியவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. பத்திரிகையே இல்லாத காலத்தில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்து இதை எழுதுகிறேன். மன்னிக்க ஆள் இல்லை. இருந்தாலும் கட்டாயம் இல்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்பது விதி. இதைப் பத்துப் பேராவது படிப்பார்கள் என்று நினைக்கிறேன். இதில் வரும் மற்ற எல்லாருடைய பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை.

ரேஷன் அரிசி வழக்கின் மூன்றாம் எதிரி, கூட்டுறவுப் பண்டகசாலை எழுத்தர் ராஜமாணிக்கம், குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பின் கடைசி வரி அதுதான். அதைக் கேட்காமல் நான் ஓடினேன்.